பழுப்புப் புகை

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்து, எங்கள் மேற்குத் தாலுகாவில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். குமரி மாவட்டம் என்று ஒன்று அப்போது கிடையாது. எங்கள் பக்கமெல்லாம் திருவனந்தபுரத்தின் கீழ் இருந்தது. பள்ளியின் ஆய்வுக்கூடம் ஒரு சின்ன ஓட்டறை. நீளமான மேசை ஒன்று, கல் தொட்டி ஒன்று, கடலைப் பார்த்தபடி இரண்டு ஜன்னல்கள். புகை போக வேறு வழி கிடையாது.

அந்த வாரம் பள்ளி இறுதி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு வினைகளின் வேகம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே எடையில் சலவைக்கல் துண்டும் சலவைக்கல் தூளும் எடுத்து, இரண்டு குழாய்களில் போட்டு அமிலம் ஊற்றினேன். துண்டு நிதானமாகக் குமிழி விட்டது. தூள் பொங்கி மேசையில் வழிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அதற்கடுத்த நாள் மீள்வினை, அதாவது முன்னும் பின்னும் நடக்கிற வினை. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சமநிலை என்கிறோம் என்று சொல்லிப் பலகையில் எதிரும் புதிருமாக இரண்டு அம்புகள் போட்டேன்.

மண்டைக்காட்டிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். எதையும் கேட்காமல் விடாதவள்.

"ரெண்டும் ஒரே வேகத்துல நடக்குன்னா, நடக்குன்னு எப்படி டீச்சர் தெரியும்? நிக்குன்னுல்லா தோணும்?"

கல்லூரியில் எங்கள் வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நைட்ரஜன் டைஆக்சைடு என்ற பழுப்பு வாயுவைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சுடுதண்ணீரில் வைத்தால் நிறம் கறுக்கும், ஐஸில் வைத்தால் வெளுக்கும், மறுபடி சூடாக்கினால் மறுபடி கறுக்கும், கண்ணாலேயே பார்க்கலாம் என்று சொன்னேன். நாளைக்கே காட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

மறுநாள் விடியும்போதே மழை. மீன் கடையிலிருந்து மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்த ஐஸ் கட்டி, நெத்திலி நாற்றத்தோடு தொட்டியில் கிடந்தது. மழைச்சாரல் தராசின் மேல் அடித்ததால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் வாயுவைத் தயாரித்து இரண்டு குப்பிகளில் பிடித்துவிட வேண்டும். உதவிக்கு அந்தப் பெண் மட்டும் வந்தாள். காலிக் குப்பிகளை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

வாயு தயாரிக்க வேண்டிய செம்பு, பாத்திரக் கடையில் வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தது. மேலே பெரிய பெரிய சீவல்கள். டப்பாவைச் சரித்தபோது அடியில் படிந்திருந்த, அரத்தால் ராவிய பொடித்தூள் மொத்தமும் குடுவைக்குள் விழுந்தது. நைட்ரிக் அமிலம் அதற்கு முன்பே உள்ளே இருந்தது. வாயு போகும் குழாய் பொருத்திய தக்கையைச் செருகிவிட்டேன்.

முதலில் பெரிதாக ஒன்றும் இல்லை. திரவம் பச்சையாகி நாலைந்து குமிழிகள் வந்தன. அப்புறம் குடுவை கையில் சுட ஆரம்பித்தது. சூடு வேகத்தைக் கூட்ட, வேகம் மறுபடி சூட்டைக் கூட்டியது. கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே எல்லாம் கொதித்து, தக்கை பறந்து ஓட்டில் போய் அடித்தது. கருஞ்சிவப்பாகப் புகை பொங்கி வந்தது. அது மேலே போகவில்லை. காற்றைவிடக் கனமான வாயு. மேசைமேல் படர்ந்து, விளிம்பில் வழிந்து, தரையில் இறங்கி, எங்கள் காலை நோக்கி வந்தது.

நான் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். குடுவை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் புகை பக்கத்து வகுப்புக்குப் போகும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குடுவையைத் தொட்டிக்குள் கவிழ்த்து, ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் கொட்டினேன். மழையில் ஊறி இறுகியிருந்த ஜன்னல் சட்டத்தைக் கையால் குத்தித் திறந்தேன். வெளியே வந்து விழுந்தபோது கண்ணில் நீர் கொட்டியது. தொண்டை எரிந்தது.

அந்தப் பெண்ணும் இருமினாள். பிறகு கிணற்றடியில் முகம் கழுவிவிட்டுச் சிரித்தாள்.

"சிவத்த பூதம் மாதிரில்லா வந்துது டீச்சர்!"

எனக்கும் கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றுவிட்டது. தலைமையாசிரியை அம்மாள் வந்து பார்த்து, மேல் வகுப்புகளுக்கு அன்றைக்கு விடுமுறை விட்டார். பிள்ளைகள் குடை பிடித்துக் கும்மாளமாகப் போனார்கள். ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்து சூடாகச் சாயா குடித்தேன். ஆபத்து ஒன்றும் இல்லாமல் தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

பாதி டம்ளர் சாயா மிச்சமிருக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இதே வாயுவைப் புகையை வெளியே இழுக்கும் கூண்டுக்குள் வைத்துத் தயாரிக்கும்போது ஒரே ஒரு தடவை சொன்னது. 'மற்ற விஷவாயுக்கள் உடனே காட்டிவிடும். இது உள்ளே போய்ச் சும்மா இருக்கும். ஆள் நன்றாக இருப்பார், சாப்பிடுவார், நடப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். ஓடியாடி வேலை செய்தால் இன்னும் மோசம்.'

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பெண் வீட்டுக்கு நடந்தே போவாள். மழையென்றால் ஓடுவாள்.

தலைமையாசிரியை அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பப் பயந்தார்.

"பிள்ள சிரிச்சிட்டுத்தான போனா? இப்பம் நீ போயி அவ வீட்டுல இதச் சொன்னா ஊரு கூடிரும். நாளைக்கிப் பாக்கலாம்."

"நாளைக்கின்னா நேரம் போயிரும் அம்மா."

நான் குடையைக்கூட எடுக்காமல் இறங்கினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும், சாலையோரம் பாவாடை தாவணியில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். மண்டைக்காட்டில் இறங்கி, கோயிலைத் தாண்டி, அவள் அப்பாவான தேங்காய் வியாபாரியின் வீடு எது என்று கேட்டுக் கேட்டுத் தென்னந்தோப்புக்குள் ஓடினேன். ஈர மணல் காலை உள்ளே இழுத்தது. நெஞ்சில் ஏதோ இறுக்கிப் பிடித்தது. பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"கயித்த விடு! இறைக்காண்டாம்!" என்று நான் கத்திய கத்தலில் வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. சத்தம் கேட்டு அவள் அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். உயரமான, ஒல்லியான பெண்; கையில் அரிவாள்மணையோடு நின்றாள்.

"என்ன டீச்சர்? பிள்ள என்ன செய்தா?"

"அவ ஒண்ணும் செய்யல்ல. அவள ஆடாம அசையாமப் படுக்கச் சொல்லுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆஸ்பத்திரிக்கா? காச்சலு கூட இல்ல. பழஞ்சோறு ரெண்டு தடவ வாங்கித் தின்னா. அவ அப்பா சந்தைக்குப் போயிருக்காரு. அவரு வராம நான் எங்க போவ?"

நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு எளிமையாகச் சொன்னாலும் அந்த அம்மாவுக்கு அது அரைகுறையாகத்தான் புரிந்தது; ஆனால் 'நுரையீரலில் நீர்' என்ற சொற்கள் மட்டும் அவள் முகத்தில் போய்த் தைத்தன. பாயை விரித்து மகளைப் படுக்க வைத்தாள். நான் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு சீராக இருந்தது. அது எனக்கு ஆறுதல் தரவில்லை. சீராக இருக்கும், பிறகுதான் கெடும் என்றல்லவா சொன்னார்கள்? அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

"இப்படிப் பாக்காதீங்க டீச்சர். எனக்குப் பேடியா இருக்கு" என்று பயந்தாள் அம்மா.

பாயில் கிடந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்த வாயு குப்பிக்குள்ள கறுத்தும் வெளுத்தும் திரும்பத் திரும்ப மாறும்னு சொன்னியளே. நெஞ்சுக்குள்ள போனதும் அது மாதிரி திரும்ப மாறிருமா?"

மூடிய பாத்திரத்தில்தான் சமநிலை. உடம்பு மூடிய பாத்திரம் இல்லை. உள்ளே ஈரம் இருக்கிறது. வாயு அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிவிடும். அது ஒரு பக்கமாக மட்டுமே போகிற அம்பு. பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தபோது சொல் வருவதற்குப் பதிலாக இருமல் வந்தது.

நிற்காத இருமல். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். அதில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மோ, டீச்சருக்க உதட்டப் பாரு. நீலமா இருக்கு!"

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. கதவோரம் நின்றவள் ஒரு மூச்சு இழுத்திருப்பாள். உள்ளே நின்று குடுவையைக் கவிழ்த்தது நான். மழையில் ஓடிவந்ததும் நான்தான். காலையிலிருந்து அவள் மூச்சுக்குப் பயந்துகொண்டிருந்த நான், என் மூச்சை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

நான் எழ முயன்றேன். அந்த அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அவளுடைய தயக்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அனங்காண்டாம், ஆடாம இருங்க. பிள்ளைக்குச் சொன்னத நீங்க கேளுங்க." பிறகு வேலிக்கு அப்பால் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்: "ஏலே மக்கா, அந்தச் சாய்வு நாற்காலியத் தூக்கிட்டு ஓடி வாங்க!"

தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆட்கள் வந்து, நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மகளையும் நடக்க விடாமல் ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டார். சாலையில் அந்த அம்மா பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள். டிரைவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை எங்கும் நிறுத்தவில்லை. வழியில் இறங்க வேண்டியவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. காற்று என்னைச் சுற்றி நிறைய இருந்தது. உள்ளே போக இடமில்லை. கரையில் உட்கார்ந்தபடியே நீரில் மூழ்குகிற மாதிரி. படுத்தால் இன்னும் மூழ்கினேன். டாக்டரம்மா மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்து, "பேசாதே, மெதுவா மூச்சு விடு, பைய இழு, பைய விடு" என்று சொன்னது கேட்டது. தலையணைகள் சரியச் சரிய முதுகுக்குப் பின்னால் ஒரு கை அவற்றை நிமிர்த்திக்கொண்டே இருந்தது. அது அந்த அம்மாவின் கை. சாகப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் பயமெல்லாம் கண்ணை மூடினால் மூச்சு இழுக்க மறந்துவிடுவேனோ என்பதுதான். அதனால் கண்ணை மூடவே இல்லை.

விடிந்தபோது கொஞ்சம் இடம் கிடைத்தது. அடுத்த கட்டிலில் அந்தப் பெண் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு முன்ஜாக்கிரதைக்காகத்தான் கிடத்தியிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. சந்தையிலிருந்து நேரே வந்திருந்த அவள் அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தலைமையாசிரியை அம்மாள் மதியம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஆய்வுக்கூடத்தில் ஜன்னல் சட்டங்களைக் கழற்றிவிட்டு வெறும் கம்பி போட்டிருந்தார்கள். மீள்வினைப் பாடம் பாதியில் நின்றிருந்தது. நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடை, குழாயில் இட்டுச் சூடாக்கினால் இரண்டு வாயுக்களாகப் பிரியும். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் மறுபடி சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். அதைக் காட்டலாம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வீட்டில் பலதடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

விளக்கின் மேல் குழாயைச் சாய்த்துப் பிடித்தேன். அடியிலிருந்து மெல்லிதாக வெண்புகை எழுந்தது. அவ்வளவுதான். என் கை குழாயை விளக்கிலிருந்து விலக்கிவிட்டது. மண்டைக்காட்டுப் பெண் பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல், இடுக்கியோடு குழாயைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

நான் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஏட்டி, மேல பாரு, வெள்ளையா ஒட்டுகு பாரு. பிரிஞ்சது திரும்பச் சேருகு." பிள்ளைகள் கூட்டமாக ஓ என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சைப் பைய இழுத்து, பைய விட்டுக்கொண்டிருந்தேன்.