கைலாயத்துக்குப் போனவளும் இரண்டு வரி அறிக்கையும்

நேபாளத்தில் இளைஞர்கள் கிளர்ந்தெழுந்த வாரத்தில் என் மனைவி கைலாய யாத்திரை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். எல்லையைத் தாண்டினால் நேபாளம். அதற்குள் எல்லைக் கதவை மூடிவிட்டார்கள். சீனப் பகுதியில் ஒரு சிற்றூர் விடுதியில் அவள் கூட்டத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை மூன்று நாளுக்குத்தான் இருக்கிறது என்று அழைத்துச் சொன்னாள்.

நான் சுசீந்திரத்தில் வீட்டில் இருந்தேன். நாற்பது வருடமாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரன். கைலாயம் போகிறேன் என்றவளைக் கேலி செய்துவிட்டு, சீன அரசு ஒழுங்கான அரசு, பயப்படாதே என்று சொல்லி ரயிலேற்றிவிட்டவன்.

அந்த அரசு என்ன சொல்லப்போகிறது என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரிதான் சொன்னது. அண்டை நாட்டில் சீக்கிரம் அமைதி திரும்பும் என்று நம்புகிறதாம். யாத்ரீகர்களைப் பற்றி நான் பார்த்த செய்தியில் ஒன்றும் இல்லை. கட்சி வகுப்புகளில் இப்படிப்பட்ட அறிக்கைகளுக்கு ஒரு மணிநேரம் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு விளக்கமும் ஓடவில்லை. கடைசியில் கிளைச் செயலாளரைக் கூப்பிட்டு, மேலே யாரையாவது பிடித்துப் பெய்ஜிங்குக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாகத்தான் இருந்தது.

"தோழர், தெருவிளக்குக்கு நாம எழுதுன கடிதத்துக்கே இன்னும் பதில் வரல்ல" என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அழைத்தாள். விடுதியில் வேலை பார்க்கும் பெண் காலி மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கோ போய் அதே மருந்தை வாங்கி வந்தாளாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு வரி பேசினால் போதுமா என்று அந்த அரசைத் திட்டித் தீர்த்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டிய அடிக்கும்போ நீங்க ஜன்னலச் சாத்திட்டு என்ன சொல்லுவிய? அது அவங்க வீட்டு விஷயம், சீக்கிரம் சரியாவட்டும். அவ்வளவுதானே? கதவத் தட்ட ஓடுகது நான்தானே?"

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

எல்லை திறந்து அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, வந்து சேருமுன், ஒருநாள் மாலை பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது. ஜன்னல் வரை போய்விட்டேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவர்கள் கதவைத் தட்டினேன்.

அந்தப் பெண்தான் திறந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டாள்.