சாம்பவி ஓடிய புதன்கிழமை

போன சனிக்கிழமை மகனின் பள்ளியில் 'எல்லோரும் ஒரு குடும்பம்' என்று ஒரு விழா. வாசலிலேயே கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். அதில் என் பெயர் இல்லை, 'நான்காம் வகுப்புப் பெற்றோர்' என்று மட்டும் இருந்தது. செயற்கைப் புல் விரித்த மைதானம், வெயில் ஏற ஏற ரப்பர் வாசனை. ஓட்டப் பந்தயம் தொடங்கியதும் பெற்றோர் எல்லோரும் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டோம். நானும்தான். என் மகன் கடைசிக்கு முந்தியவனாக வந்தான். அந்த விஷயத்தில் அம்மாவைக் கொண்டிருக்கிறான்.

விழா முடிந்து கார் நிறுத்திய இடத்துக்கு வந்தால், ஓரத்துப் பேரீச்சை மரங்களுக்குக் குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஈர மணல் வாசனை. நம்மூர் மண் வாசனை இல்லை இது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இரும்பு, காய்ந்த சிமெண்டில் தண்ணீர் தெளித்தது போல ஒரு நெடி. காரைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். "அம்மா, ஏசி போடுங்க" என்று மகன் கத்தும்போது நான் ஷார்ஜாவில் இருந்தேன், கல்யாணமான புதிதில்.

திருச்சியில் ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு கல்யாணம். கணவர் அபுதாபி சைட்டில் வேலை. வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். நான் ஷார்ஜா ஃபிளாட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டிடத்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "படிச்ச படிப்பு வீணாப் போகுது, பக்கத்துல ஒரு ஸ்கூல் இருக்கு, போய்க் கேட்டுப் பாரேன்" என்றார். போய்க் கேட்டேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு ஆள் பஞ்சம்.

பள்ளி என்றால் நீங்கள் கட்டிடம் எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு பழைய வில்லா. யாரோ ஒரு அரபிக் குடும்பம் வாழ்ந்துவிட்டுப் போன வீடு. என் மூன்றாம் வகுப்பு, அவர்களுடைய படுக்கையறை. பிள்ளைகளின் பைகள் சுவர் அலமாரிக்குள் இருக்கும். ஒட்டியிருந்த குளியலறையில் இளஞ்சிவப்புத் தொட்டி ஒன்று உண்டு. பந்துகளையும் வரைபடங்களையும் அதில்தான் போட்டு வைப்போம். புதிதாக வருகிற பையன்களில் யாராவது ஒருவன் அதில் ஏறிப் படுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

இடைவேளையில் டப்பாவைத் திறந்தால் வகுப்பு மாநிலங்களாகப் பிரிந்துவிடும். மலையாளம் ஒரு மூலை, தெலுங்கு ஒரு மூலை, குஜராத்தி ஜன்னலோரம். நான் அலமாரியைப் பார்த்தபடி எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவேன். மற்ற ஆசிரியைகள் மலையாளத்தில் சிரிப்பார்கள், நான் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பேன். அந்த வகுப்பில் யாருக்குமே யாரும் இல்லை, எனக்கும்தான்.

பிரின்சிபால் ரோஸம்மா மேடம் கோட்டயத்துக்காரர். வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் 'ஆக்டிவிட்டி' நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். மைதானம் கிடையாது, சாமான் கிடையாது. "பின்னாடி மணல் உண்டல்லோ" என்றார். வில்லாவுக்குப் பின்னால் ஒரு காலி மனை. உடைந்த கல், கண்ணாடிச் சில்லு, எப்போதோ கைவிட்ட சிமெண்ட் மூட்டைகள். அதில் எதை ஆடுவது? எனக்குத் தெரிந்தது தொடர் ஓட்டம் ஒன்றுதான். அதையும் நான் ஓடியதில்லை, வேடிக்கை பார்த்திருக்கிறேன். கையில் கொடுத்து வாங்கும் கட்டைக்கு எங்கே போவது? வீட்டிலிருந்து சப்பாத்திக் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சீட்டுக் குலுக்கி அணி பிரித்தேன். மூலைக்கு மூலை இருந்தவர்கள் கலந்தே ஆக வேண்டும் என்பதற்காக.

அந்த வாரம்தான் சாம்பவி சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். அப்பா துபாயில் ஒரு கட்டிடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். எல்லோரும் என்னை 'மிஸ்' என்பார்கள், இவள் மட்டும் 'ரீச்சர்' என்றாள். முதல் நாள் வகுப்பே சிரித்ததில் வாயை மூடிக்கொண்டவள், வியாழக்கிழமை வரை திறக்கவே இல்லை. மணலில் அவள் முறை வந்ததும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ரீச்சர், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஓடட்டோ?"

அவளுடைய அணியில் கீழக்கரைப் பையன் ஃபைசல் இருந்தான். வாய் ஓயாதவன். கையில் கட்டையோடு திகைத்துப்போய், "மிஸ், சப்பாத்திய எதுக்கு மிஸ் கழட்டணும்?" என்றான்.

"சப்பாத்தி இல்லை. சப்பாத்து!" என்று அவள் காலைத் தூக்கி ஷூவைக் காட்டினாள். அவன் கட்டையைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான், மணலில் விழுந்து சிரித்தான். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு அவனே ஹிந்தியில் விளக்கினான். வகுப்பு மொத்தமும் சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. சாம்பவியும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெறுங்காலோடு ஓடினாள் பாருங்கள், மெலிந்த கால்கள் மணலில் பதிந்த மாதிரியே தெரியவில்லை. அடுத்த வாரம் வகுப்பே சப்பாத்தைக் கழட்டிவிட்டு நின்றது. அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். குஜராத்திப் பிள்ளைகள்கூட "மிஸ், மை சப்பாத்து" என்று தேடுவார்கள்.

வெறுங்காலில் ஓடினால் கண்ணாடி குத்தும் அல்லவா? ஃபைசலின் வாப்பா தொழில்பேட்டையில் சின்னதாக ஒரு டீக்கடை வைத்திருந்தார். வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை மண்வெட்டியோடு வந்து கல் பொறுக்க ஆரம்பித்தார். அடுத்த வெள்ளி அவரோடு இன்னும் நான்கைந்து அப்பாக்கள். ஏசி மெக்கானிக், ஸ்டோர் கீப்பர், கணக்குப் பார்க்கிறவர். வாரம் முழுக்க தூங்குகிற பிள்ளையின் முகத்தை மட்டுமே பார்த்துவந்தவர்கள், யார் யாருடைய பிள்ளை என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். சாம்பவியின் அப்பா அதிகம் பேச மாட்டார். நூல் பிடித்து, கோணல் இல்லாமல் ஓடுபாதை போட்டுத் தந்தார். தொழில்பேட்டையிலிருந்து யாரோ தண்ணீர் லாரி ஒன்றைக் கூட்டிவந்து மணலை நனைத்தார்கள். அப்போது எழுந்த வாசனைதான் நான் முதலில் சொன்னது.

அம்மாக்கள் பிளாஸ்க்கோடு வந்தார்கள். எனக்கு அந்த ஊரில் முதல் முதலாக வீட்டுக்கு ஃபோன் வந்தது அதற்குப் பிறகுதான். "டீச்சர், குழிப் பணியாரத்துக்கு அரிசி எவ்வளவு நேரம் ஊறணும்?" என்று ஒரு தெலுங்கு அம்மா கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் அரை மணி நேரம் பேசினேன்.

ஆண்டு விளையாட்டு விழா நெருங்கியபோது, உலகமெங்கும் பணம் முடங்கி, வேலைகள் சட்டென்று நின்றுபோயின. பாதி எழும்பிய கட்டிடங்களின் மேல் கிரேன்கள் அசையாமல் நின்றன. வகுப்பில் ஒரு நாற்காலி காலியாகும். உடம்பு சரியில்லையோ என்று நினைப்பேன். ஊருக்கே போய்விட்டார்கள் என்று பிறகு தெரியும். யார் எங்கே என்று பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை சாம்பவியின் அப்பா வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"விசா கான்சல் பண்ணிப்போட்டாங்கள் ரீச்சர். வியாழக்கிழமை பிளைட். இப்போதைக்குக் கொழும்பில தங்கச்சி வீட்டை போறம். அங்கால என்ன எண்டு தெரியேல்ல."

வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. சாம்பவி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் பிந்திப் போகேலாதோ அப்பா?" என்றாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் பெஞ்சிலிருந்து ஃபைசல் எழுந்தான்.

"அப்ப நாம புதன்கிழமை ஓடிடலாமே மிஸ்?"

இதைக் கேட்டுக்கொண்டு பிரின்சிபால் முன்னால் போய் நின்றேன். "ஒரு குட்டிக்கு வேண்டி நான் ஸ்போர்ட்ஸ் டே மாத்தணுமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு, "அசெம்பிளிக்கு முன்னாடி பின் மணல்ல என்ன நடக்குதுன்னு எனக்கு அறியாது. பெல் அடிச்சா எல்லாரும் கிளாஸ்ல இருக்கணும், கேட்டோ" என்றார்.

புதன்கிழமை விடிந்தபோது பனிமூட்டம். குளிர்காலத்தில் கடற்காற்று திரும்பினால் ஷார்ஜா இப்படித்தான் பஞ்சு மூட்டைக்குள் போய்விடும். ஒருவரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் மணலைச் சுற்றிலும் கார்கள். ஃபைசல் எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தான், ட்யூட்டிக்குப் போகிற வழியில் நிறுத்தியிருந்தார்கள். கவரால் உடுப்புப் போட்டவர்கள், டை கட்டியவர்கள், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியவர்கள். பாதை தெரியவில்லை என்று யாரோ சொல்ல, கார்களைத் திருப்பி விளக்கைப் போட்டார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் ஈர மணல் மின்னியது. பள்ளிப் பேருந்துகளும் வந்து நிற்க, இறங்கிய பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் கோட்டோரம் வரிசை கட்டினார்கள். பெஷாவர்க்கார டிரைவர் ஹார்னை அடித்து, "யல்லா, ஜல்தி!" என்றார். பந்தயம் தொடங்கிவிட்டது.

சாம்பவி கடைசிச் சுற்றுக்கு நின்றாள். அவளுக்கு முன் ஓடிய ஃபைசல், ஒரு கூட்டத்தையே கூட்டிய ஃபைசல், பாதி வழியில் கட்டையைக் கீழே போட்டான். எடுத்து ஓடிவந்து கொடுப்பதற்குள் மற்ற அணி வெகுதூரம் போய்விட்டது. சாம்பவி வாங்கினாள். அப்போது கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம். சாம்பவி, சாம்பாவி, ஷாம்பவி என்று அவரவர் நாக்குக்கு வந்தபடி. முன்னால் ஓடிக்கொண்டிருந்த பையனின் அப்பாவும் அவள் பெயரைத்தான் கத்தினார். நானும் கத்தினேன். ஆசிரியை கத்தக் கூடாது என்பதெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அவள் ஜெயிக்கவில்லை. ஒரு கை தூரத்தில் தோற்றாள். ஆனால் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. விளக்கு வெளிச்சத்தைக் கடந்து, அப்படியே பனிக்குள் ஓடி மறைந்துவிட்டாள். கூட்டம் அடங்கிப்போனது. காலடிச் சத்தம்கூட இல்லை. அவள் அப்பா இரண்டடி முன்னால் வைத்து, "பிள்ளை!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அவர் குரலை நான் அவ்வளவு உரக்கக் கேட்டதே இல்லை. அப்புறம் வெள்ளைக்குள்ளிருந்து அவள் நடந்து வந்தாள், மூச்சு வாங்க, கட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"நிக்க மறந்துபோனன் ரீச்சர்" என்றாள்.

பெல் அடித்தது. அப்பாக்கள் ட்யூட்டிக்குப் போனார்கள். மறுநாள் அவளுடைய நாற்காலி காலி. வெள்ளிக்கிழமை விழாவில் அவள் சுற்றையும் ஃபைசலே ஓடினான். வேறு யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியாக வந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் ஃபைசலின் வாப்பாவும் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனார். ரோஸம்மா மேடம் ஓய்வு பெற்றுப் போனார். வில்லாக்களில் பள்ளி நடத்தக் கூடாது என்று விதி வந்து, பள்ளியே இல்லாமல் போனது. கொழும்பு வீட்டு எண் ஒன்று வாங்கியிருந்தேன். இரண்டு தடவை அடித்தேன். முதல் தடவை யாரோ சிங்களத்தில் பேசினார்கள். அடுத்த தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது.

போன சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பாமல் காரை ஷார்ஜாவுக்கு விட்டேன். பல தடவை சுற்றித்தான் தெருவைக் கண்டுபிடித்தேன். வில்லா நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று. மணல் மனை முழுக்கக் கட்டணக் கார் நிறுத்தம். கீழே மளிகைக் கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, இங்கே ஒரு ஸ்கூல் இருந்ததே, தெரியுமா என்று கேட்டேன். கடைக்காரர் மலப்புரத்துப் பையன். "ஸ்கூலா? நான் போன வருஷம்தான் வந்தேன் சேச்சி" என்றான்.

அதுதான் இந்த ஊர். நம்மூரில் ஒன்று அழிந்துபோனால், ஆமாம் இங்கேதான் இருந்தது என்று சொல்ல நாலு பேராவது இருப்பார்கள். இங்கே யாரும் தங்கிக் கிழவராவதில்லை. விசா முடிந்தால் ஞாபகமும் விமானம் ஏறிவிடுகிறது. என் கணவர்கூட அந்தப் புதன்கிழமை அபுதாபியில் இருந்தார். அன்று காலை அந்த வெளிச்சத்தில் நின்று கத்தியவர்களில் எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.

மகன் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இங்க என்னம்மா இருக்கு? ஒரே பார்க்கிங்தானே?"

"ஆமாம்" என்றேன்.