மகனின் இரண்டு தழும்புகள்

உடம்பில் ஒரு தழும்பும் இல்லாமல் பிள்ளையை வளர்த்துவிட்டேன் என்பதுதான் யுத்த காலத்தில் எனக்கிருந்த ஒரே பெருமை. இதெல்லாம் ஒரு பெருமையா என்று சிரிப்பவர்கள் அந்த வருடங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் ஆம்பிளைப் பிள்ளை வைத்திருக்கவில்லை. சோதனைச் சாவடியில் தமிழ் இளைஞர்களைச் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். முழங்கையில் பழைய காயம் ஒன்று தெரிந்தால் போதும், சைக்கிளால் விழுந்ததா, ஆயுதப் பயிற்சியில் ஊர்ந்ததா என்று பொலிஸ் நிலையத்தில் இருத்திவைத்து விசாரிப்பார்கள். அதனால் என் மகனுக்கு நான் சைக்கிளே வாங்கிக் கொடுக்கவில்லை.

அவனுக்கு இருந்த ஒரே வில்லங்கம் இழுப்பு. சின்ன வயதிலிருந்தே மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்கும். எத்தனை டொக்டர், எத்தனை பம்ப், எத்தனை கஷாயம்! மழை, தூசி, ஐஸ்கிரீம் என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டாயிற்று. பத்தொன்பது வயதில், வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிப்பதற்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் தேசிக்காய் அளவில் ஒரு நிழல் தெரிந்தது.

முதலில் காசநோய் என்றார்கள். சளியைப் பரிசோதித்துவிட்டு இல்லை என்றார்கள். பிறகு ஸ்கான். அதற்கு ஒரு வரிசை, ரிப்போட் எடுக்க இன்னொரு வரிசை. அவனுடைய அப்பா யாழ்ப்பாணத்தில். யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்தது, கடிதம் போய்வர மாதக்கணக்காகும். கொழும்பில் தங்கும் தமிழருக்கான பொலிஸ் பதிவு, ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருப்பு, மறுபடி பொலிஸ் பதிவு என்று நான்தான் தனியே அலைந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் கால்தான் முதலில் வலிக்கிறது.

கடைசியில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்ந்தோம். சிங்களவர், மட்டக்களப்பில் சில வருடம் வேலை செய்ததால் தமிழ் கதைப்பார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அம்மா, இது ஆஸ்துமா இல்ல. வயித்துக்குள்ள புள்ளைக்கு மூச்சுக்குழாய் உண்டாகக்குள்ள ஒரு சின்னத் துண்டு வழி மாறி, தனியா ஒரு பை ஆகிட்டு. உள்ளுக்குச் சளித் தண்ணி. அது குழாயை நசுக்குது, அதான் சத்தம். சில புள்ளைக்குப் பிறந்த உடனே மூச்சு முட்டும். சில ஆளுக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும்."

"அப்ப புற்றுநோய் இல்லையோ, டொக்டர்?"

"இல்ல. ஆனா விட்டுவைக்க ஏலாது. ஊசியால தண்ணிய எடுத்தா திரும்ப நிறையும். பையோட வெட்டி எடுக்கணும். கிருமி புகுந்தா பெரிய கரைச்சல்."

"எங்கை வெட்டுவியள்?"

அவர் மகனைத் திருப்பி, தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி விலாப்பக்கம் வரை விரலால் ஒரு கோடு இழுத்தார். ஒரு சாணுக்கு மேலே இருக்கும். கட்டியைப் பற்றிய பயம் அந்த நிமிடமே எனக்குப் போய்விட்டது. அந்தக் கோடு மட்டும்தான் கண்ணில் நின்றது.

"யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழுந்துவிட்டேன். மகனிடம், "உன்ரை சோதினை முடியட்டும்" என்றேன். பரீட்சை முடிந்தது. பிறகு வருடப்பிறப்பு வந்தது. பிறகு மழை வந்தது. நான்கு மாதத்தை இப்படியே கடத்தினேன். உண்மைக் காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. அவனுடைய அப்பாவுக்கும் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் மூச்சு எடுக்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். பை சீழ் கட்டிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி ஓடினேன். இரண்டு மணித்தியாலம் என்று சொன்ன ஒப்பரேஷன் ஐந்து மணித்தியாலம் எடுத்தது. சீழ் வடிய நெஞ்சுக்குள் விட்ட குழாய், சும்மா என்றால் மூன்று நாளில் எடுப்பார்களாம், மூன்று கிழமை கிடந்தது. அந்த ஓட்டை புண்ணாகி ஆறி, விலாவில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் வட்டமாக ஒரு வடு நின்றது. ஆஸ்பத்திரி வாட்டில் நிலம் துடைக்க வந்த பெண்ணே அதைப் பார்த்துவிட்டு, "தம்பிக்குத் துப்பாக்கி வெடி பட்டதோ?" என்று கேட்டாள். ஒரு தழும்பும் வேண்டாம் என்று நின்றவளுக்கு இரண்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டரிடம் ஒப்பரேஷன் பற்றி ஒரு கடிதம் கேட்டேன். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். "சிங்களத்திலை எழுதுங்கோ, டொக்டர்" என்றேன். பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான்கு மாதம் நான் ஏன் வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எழுதி, சீல் குத்தித் தந்தார்.

இரண்டு மாதம் கழித்து, கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள்.

"கமிசய கலவன்ன."

மகன் சட்டையைக் கழற்றினான். நான் கடிதத்தை நீட்டினேன். ஓர் இளம் பொலிஸ்காரன் முழுவதையும் அவசரப்படாமல் வாசித்தான். பிறகு முதுகில் நீளத் தழும்பைப் பார்த்தான்.

"உபதின்மத?"

பிறவியிலேயே வந்த வருத்தமா என்று கேட்கிறான். மகன் தலையாட்டினான். பொலிஸ்காரனுடைய விரல் நகர்ந்து வட்டத் தழும்பில் போய் நின்றது.

"மேக?"

இது? கடிதத்தில் குழாயைப் பற்றி ஒரு வரி கேட்டு வாங்க மறந்துபோயிருந்தேன். எனக்குத் தெரிந்தது மரக்கறிக் கடைச் சிங்களம். குழாய்க்கும் சொல் வரவில்லை, சீழுக்கும் வரவில்லை. மகன் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஏக மகே." அது என்னுடையது.

பொலிஸ்காரன் என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தான். என் பிள்ளை என்று சொல்கிறேன் என எடுத்துக்கொண்டான் போலும். "ஹரி அம்மே, யன்ன." சரி அம்மா, போங்கள் என்று கடிதத்தைத் திருப்பித் தந்தான்.

பஸ்ஸில் ஏறி இருந்தோம். மகனுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எதை என்னுடையது என்றேன் என்று அவனுக்கு விளங்காமலிருக்காது. கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"சோதினை முடியட்டும் எண்டெல்லோ அம்மா சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றேன். வெள்ளவத்தை வரும்வரை அவனுடைய மூச்சையே உற்றுக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு சத்தமும் இல்லை.