காற்றுப் படாத குளியலறை

மாமியை நினைத்தால் அவர் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, விரல் அகலத்துக்கு மடித்து, குளியலறை ஜன்னலின் கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே செருகிக்கொண்டு நிற்பதுதான் முதலில் வரும். விளக்குத் திரி திரிக்கிறவ மாதிரி அவ்வளவு பொறுமை. அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த கிழமை. தன் மகளைப் பார்க்கவென்று மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். “பச்சை உடம்பு தம்பி. கடல் காத்துப் பட்டால் பிறகு காலம் முழுக்க நாரிக்குத்து, இடுப்பு நிமிராது,” என்றார். மாமிக்கு அவருடைய தாய் செய்தது, எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் செய்வது. மறுத்துப் பேச எனக்கு என்ன தெரியும்?

ஊரில் என்றால் முற்றத்தில் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். எங்கள் வீட்டிலோ குளியலறைக்கு உள்ளேயே கேஸ் கீசர் இருந்தது. நாங்கள் குடிவர முன்னமே வீட்டுக்காரர் பூட்டியது. கேஸ் எரிந்த புகை வெளியே போக அதற்கு ஒரு குழாய் வேண்டுமாம். துளை போட்டால் வெளிச்சுவர் பழுதாகிவிடும் என்று அவர் குழாயே வைக்கவில்லை. புகை ஜன்னலால் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் மணக்காது, அப்படி ஒன்று இருப்பதாக எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மாமி வாளிக்குள் வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டுக் கொடுத்தார். என் மனைவி உள்ளே போனதும் கதவின் கீழிடுக்கிலும் துவாய் ஒன்றை வைத்து அடைத்தார். “ஆறுதலாக் குளி பிள்ளை. குழந்தையை நான் பாக்கிறன்.” தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் நாங்கள் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டோம். பிறகு நான் கதவை உடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாக அழைத்து, கீசரின் நச்சுப் புகை, அறையில் காற்றோட்டம் இருந்திருக்காது என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மாமியிடம், “இதயம் நிண்டிட்டுதாம்,” என்று சொன்னேன். பொய்யில்லைதானே, எல்லாருக்கும் கடைசியில் அதுதான் நிற்கிறது. எங்கள் ஆட்களில் உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மச்சான், தங்கையின் புருசன். நான் பெரிய மனசுக்காரன் என்று அவன் சொன்னான். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துக் கிடக்குமே, ஆள் முழுக்க அப்படிக் கிடந்தேன். கையில் பச்சைக் குழந்தை. மாமியும் படுத்துவிட்டால் அதை யார் பார்ப்பது?

மாமி ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறினோம். என் மகளை வளர்த்ததும், இப்போது பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றிவிடுவதும் அவர்தான். சீனி முடிஞ்சுது, தண்ணி வரேல்லை என்று நாங்கள் நாள் முழுக்கக் கதைப்போம். செத்தவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மாமிக்கு ஒன்றும் தெரியாது என்றே இருந்தேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் கேஸ் கீசர் பூட்ட வத்தளையிலிருந்து கைவேலைக்கார முஸ்லிம் பாஸ் ஒருவர் வந்தார். புகைக்குழாயை எங்கள் பல்கனிப் பக்கத்தால் வெளியே விட வேண்டும், சுவரில் துளை போடலாமா என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் மாமி, “போடுங்கோ தம்பி,” என்றார். வேலை முடியும்வரை பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

“இந்தக் குழாய் இல்லாமல், ஜன்னலையும் அடைச்சு விட்டால் என்ன நடக்கும் தம்பி?”

“மௌத்துதான் அம்மா. ஆள் மயங்கும், அப்படியே போயிடும்,” என்றார் பாஸ், கையைத் துடைத்துக்கொண்டு.

நான் வாசலில் நின்றேன். மாமி என் பக்கம் திரும்பவில்லை.

“நோகுமோ?”

“இல்லம்மா. நித்திரை மாதிரி. அவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

“மெய்யாத்தானோ?”

“மெய்தான் அம்மா.”

பாஸ் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மாமி கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைக் கடக்கும்போது நின்றார்.

“நோகேல்லையாம் தம்பி,” என்றார்.