மெட்டு: சாந்தோம் லூர்துசாமி

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம், அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய் என்றால் நடுநிசி, நாய் ஊளை, புளியமரம் என்று எதிர்பார்ப்பவர்களும் இங்கேயே எழுந்து போய்விடலாம். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். 1934, சித்திரை மாதம். மந்தைவெளியில் பன்னிரண்டு மணி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில்.

நான் அச்சுக் கோப்பவன். லஸ் பக்கம் ஒரு அச்சுக்கூடத்தில் வேலை. ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் இது. சுலபத்தில் ஏமாறாது.

எங்கள் பாண்டு செட்டில் மூன்று பேர். ஆர்மோனியமும் பாட்டும் நான். கிளாரினெட் பீர் முஹம்மது, தையல்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டோலக் குப்பன். விடியற்காலையில் கட்டுமரம், மத்தியானத்தில் டோலக் என்று இரண்டு பிழைப்பு அவனுக்கு.

எனக்கு உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. காதில் விழுந்ததெல்லாம் பாடம்தான். சாந்தோம் கோயிலில் ஈஸ்டர் பாட்டு. கடற்கரையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டு. நாடகக் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்ட ராஜபார்ட் பாட்டு. கபாலி கோயில் தேரோடு நடந்துகொண்டே கேட்ட நாயனம். பீர் பாய் கூட்டிப்போன தர்காவில் கவாலி. காப்பிக் கடையில் கிராமபோன். நான் புதிதாக ஒரு மெட்டுப் போட்டுக் காட்டினால் பீர் பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

"இது ராஜபார்ட்டோட கோட்டு, லூர்து. கையை மட்டும் பிரிச்சுத் தச்சிருக்கே."

சிரிப்பாக இருந்தாலும் எனக்கு வலிக்கும்.

அந்த நாளில் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன பாட்டின் மெட்டு என்று, ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த பாட்டின் முதல் அடியை அங்கே போட்டிருப்பார்கள். வாங்குகிறவன் அந்த மெட்டில் புதுப் பாட்டைப் பாடிக்கொள்வான். அப்படி நூற்றுக்கணக்கான வரிகளை என் கையால் கோத்திருக்கிறேன். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. எவனாவது ஒருவன் என் மெட்டுக்குப் பாட்டு எழுத வேண்டும், அந்தப் பொடி எழுத்தில் லூர்துசாமி என்று வர வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மயிலாப்பூர் மாடவீதியில் கல்யாணராமன் என்று ஒருவர். ஒரு ரிகார்டு கம்பெனிக்குப் பாடகர்களைப் பிடித்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்களை வாசலோடு நிறுத்தி மூன்று பாட்டுக் கேட்டார்.

"நன்னாத்தான் பாடறேள். ஆனா அத்தனையும் எவனோ போட்ட மெட்டு. குப்பத்துப் பசங்களுக்குச் சொந்தமா மெட்டு வராதுன்னு கம்பெனியில சொல்லிண்டிருக்கா. சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்கோ. உங்களோடதுன்னு ஒண்ணு இருந்தா பாடுங்கோ. இல்லேன்னா வேற செட்டைப் பார்த்துக்கறேன்."

திரும்பி வரும் வழியில் எனக்குக் காது சுட்டது. யாருக்கு வராது? அந்தக் கோபத்திலேயே ஒரு அடி வந்தது, மெட்டும் வார்த்தையும் சேர்ந்து.

வாய் மூடச் சொன்னால் கடல் கேட்குமோ...

பீர் பாய் நடந்துகொண்டே யோசித்தார். மாடவீதி முனையிலிருந்து சாந்தோம் வரை யோசித்தார். கடைசியில், "இதை நான் எங்கேயும் கேட்டதில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

முதல் அடி வந்துவிட்டது. இரண்டாவது அடி வரவில்லை.

சாயங்காலம் வாசித்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். அதனால் எங்கள் ஒத்திகை மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான். மந்தைவெளியில் ஒரு பழைய ஓட்டு வீடு. முன்கட்டில் குப்பனின் அத்தை கங்கம்மா குடியிருந்தார். காலையில் மீன்கூடையோடு போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். பின்கட்டுக் கூடம் எங்களுக்கு. கூடத்தை ஒட்டி ஓர் அறை, துருப்பிடித்த பூட்டுப் போட்டது.

செவ்வாய்க்கிழமை, மணி 12.20. நான் முதல் அடியைப் பாடி நிறுத்தினேன். ஆர்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்த பிறகும் மெட்டு நிற்கவில்லை. பூட்டிய அறைக்குள் யாரோ தொண்டைக்குள்ளேயே முனகுவது போல... ம்... ம்ம்... ம்...

எதிரொலி என்றேன். பழைய சுவர், உயரமான கூரை. குப்பனும் தலையாட்டினான்.

புதன்கிழமை, 12.15. பாடும்போது ஓர் இடத்தில் எனக்குச் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது. முனகலும் அதே இடத்தில் இறங்கியது. சரி, எதிரொலி அப்படித்தானே செய்யும். நான் திருத்திக்கொண்டு இன்னொரு தடவை பாடினேன். முனகலும் திருத்திக்கொண்டது. பிறகு நான் பாடாதபோதே, அந்த ஓர் இடத்தை மட்டும், தனியாக மூன்று தடவை பாடிப் பழகியது.

டோலக்கின் மேல் குப்பனின் விரல்கள் அப்படியே நின்றன.

"இன்னா நைனா இது" என்றான்.

வியாழக்கிழமை முனகல் இல்லை. 12.30 வரை இல்லை. அப்பாடா என்று முதல் அடியைப் பாடினேன். உடனே அறைக்குள் வேறு சத்தம்.

கிறீச்... கிறீச்... கிறீச்...

அச்சுக்கூடத்தில் பிழை திருத்துபவர் மேசையிலிருந்து நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். தாளில் கட்டைப்பேனா ஓடும் சத்தம். நான் நிறுத்தினால் நிற்கிறது. நடுவில் ஒரு தடவை, மைக்கூட்டின் விளிம்பில் பேனா முள்ளைத் தட்டும் 'டிக்'.

என் பாட்டை யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

குப்பன் டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். "நாளைக்கு நான் வர்ல லூர்து. கடல்ல செத்தவனைத் தூக்கிக்கினு வந்துகீறேன், பயந்ததில்ல. இது வேற மாரி கீது."

பீர் பாய் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். வீதிக்கு வந்த பிறகுதான் பேசினார். "வேற இடம் பார்ப்போம் லூர்து. இல்லேன்னா விட்டுடு. அடுத்த வருஷம் வராதா?"

எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இருபத்தாறு வயதில் எனக்கென்று வந்தது ஒரே ஓர் அடி. வெளியே ஒருவர் உன்னுடையது எது என்று கேட்கிறார். உள்ளே ஒன்று அதையும் எழுதி எடுத்துக்கொள்கிறது. விட்டுவிட்டு ஓடினால் இரண்டாவது அடி எனக்கு ஒருநாளும் வராது என்று தோன்றியது. வேறு இடம் எதற்கு? அது வந்தது என் பாட்டைத் தேடி. வீட்டை மாற்றினால் மட்டும் விடுமா?

அன்று சாயங்காலமே கங்கம்மாவிடம் சாவி கேட்டேன்.

"அந்த ரூம்ல இன்னா கீது? ஒண்ணியும் இல்ல. நான் குடிவந்ததுலேர்ந்து பூட்டித்தான் கீது. எலிகூட போவாது" என்று சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். பீர் பாய் தன் பாக்கெட் கடிகாரத்தைக் கொடுத்து, ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடச் சொல்லியிருந்தார்.

12.10. பூட்டைத் திறந்தேன். எண்ணெய் விட்டும் வெகுநேரம் அடம்பிடித்தது.

காலி அறை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். சன்னல் பலகை அடித்து மூடியிருந்தது. தரையில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு காலடி இல்லை, ஓர் எலித் தடம் இல்லை. மேசை இல்லை. நாற்காலி இல்லை.

மை வாசனை மட்டும் இருந்தது. புது மை.

12.25. கூடத்தில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, முதல் அடியைப் பாடினேன்.

கிறீச்... கிறீச்...

எழுந்து உள்ளே போனேன். தூசியில் என் காலடிகள் மட்டும் விழுந்தன.

சத்தம் அறையின் நடுவிலிருந்து வந்தது. தரையிலிருந்து இல்லை. என் இடுப்பு உயரத்திலிருந்து. அங்கே ஒரு மேசை இருந்திருந்தால் அதன் பலகை இருக்கும் உயரம்.

அருகில் போனேன். நின்றது.

பிறகு முனகல். என் முகத்துக்கு நேராக. முதல் அடி முழுவதும், ஒரு பிசகில்லாமல். முடிந்ததும் நிறுத்தியது.

காத்திருந்தது.

மறுபடியும் முதல் அடி. நிறுத்தம். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் இழுத்து... மேலே? மேலே? என்று கேட்பது போல...

12.38. கடிகாரச் சங்கிலி சலசலத்தது.

ஐந்தாவது தடவை.

ஆறாவது தடவை. இப்போது இன்னும் கிட்டத்தில்.

ஏழாவது...

"நிறுத்து" என்றேன்.

நின்றது.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "யாரா இருந்தாலும் சரி. இது என் மெட்டு. நான் எல்லார்கிட்டேயும் எடுத்தவன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா யார்கிட்ட எடுத்தேன்னு கேட்டா சொல்லுவேன். உனக்கு வேணுமா, எழுதிக்க. மேல என் பேரைப் போடு. சாந்தோம் லூர்துசாமின்னு போடு. போடாம எடுத்துக்கினு போனா, நீ செத்தவனா இருந்தாலும் விடமாட்டேன்."

ஒன்றும் அசையவில்லை.

பேனாவை மைக்கூட்டில் தட்டும் சத்தம். டிக்.

அப்போதுதான் வந்தது இரண்டாவது அடி. யோசிக்கவே இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. நின்ற இடத்திலேயே, ஆர்மோனியம் இல்லாமல், தொண்டை கிழியப் பாடினேன்.

கிறீச்... கிறீச்... கிறீச்...

முடித்தேன். பேனா இன்னும் கொஞ்சம் எழுதியது. நான் பாடாததை.

பிறகு... ஃபூ...

ஈர மையை ஊதிக் காயவைக்கிறார்களே, அந்த ஊதல்.

அந்தக் காற்று என் முகத்தில் பட்டது.

12.52. நான் ஓடவில்லை, நடந்துதான் வெளியே வந்தேன். செருப்பை மாட்டாமல் வந்துவிட்டேன் என்பது லஸ் தார் ரோட்டில் கால் பொரிந்தபோதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மூன்று பேரும் மாடவீதியில் நின்றோம். குப்பனும் வந்திருந்தான். பாட்டை முழுதாகப் பாடினோம். பீர் பாயின் கிளாரினெட் அன்றுபோல் என்றும் பேசியதில்லை. நான் கண்ணைத் திறந்தபோது கல்யாணராமனின் முகம் சுருங்கியிருந்தது.

"இதுவும் உங்களோடது இல்லையே" என்றார். "எங்கப்பா தினம் பூஜையில பாடிண்டிருந்த மெட்டுன்னா இது. வார்த்தைதான் வேற. மந்தைவெளியில ஏகாம்பர நாயகர்னு ஒருத்தர் இருந்தார், அவர் பாடக் கேட்டு அப்பா பாடம் பண்ணினது. புஸ்தகமே இருக்கு. கொண்டுவரேன், பாருங்கோ."

பீர் பாய் என் தோளைத் தொட்டார். திருடன் என்ற பட்டத்தோடு குப்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

கல்யாணராமன் மெலிந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய தாள், கரையான் அரித்த ஓரம். எங்களுக்குப் படித்துக் காட்டிக் குட்டை உடைக்க வேண்டும் என்று அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார். பாட்டுக்கு மேலே இருந்த பொடி எழுத்திலிருந்து சத்தமாகத் தொடங்கினார். அவர் அதுவரை அந்த வரியைப் படித்ததே இல்லை போலிருக்கிறது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

"வாய் மூடச் சொன்னால் கடல் கேட்குமோ என்ற..."

நிறுத்திவிட்டார். புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

'வாய் மூடச் சொன்னால் கடல் கேட்குமோ' என்ற சாந்தோம் லூர்துசாமி மெட்டு. அப்படித்தான் அச்சாகியிருந்தது. அட்டையைத் திருப்பினேன். பக்திப் பதங்கள், முதற்பாகம், 1891.

நான் பிறந்தது 1908.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். என் தொழில் அது. அந்த எழுத்து வார்ப்பைப் பழைய புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறேன். எந்த அச்சுக்கூடத்திலும் அது இப்போது கிடையாது, உருக்கி எத்தனையோ வருஷமாகிறது. பின்னால் சேர்த்ததும் இல்லை. அந்த வரி அந்தப் பக்கத்தோடு ஒன்றாக அச்சானது.

கடைசிப் பக்கத்தில் ஒரு விளம்பரம். இரண்டாம் பாகம் விரைவில் வெளிவரும், அதில் வரும் பதினொரு பாடல்களின் மெட்டுகள் வருமாறு. கீழே பதினொரு வரிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் என் பெயர்.

உள்ளங்கையால் மூடிவிட்டேன். ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. படித்தால் அதைத்தான் எழுதுவேன்.

"இரண்டாம் பாகம் வரவே இல்லை" என்றார் கல்யாணராமன். அவர் குரல் அடங்கியிருந்தது. "எழுதிண்டிருக்கும்போதே நாயகர் போயிட்டார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனாளாம். மேஜையிலேயே, கையில பேனாவோட இருந்தாராம்."

ரிகார்டு வந்தது, என் பெயரோடு. கல்யாணராமன் அதற்கப்புறம் எங்களை வாசலில் நிறுத்தவில்லை. ஆனால் நான் புதிதாக ஒரு மெட்டுப் போட்டு அது வெளியே வந்தால் அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வரும். ஒரு எண் மட்டும் எழுதியிருப்பார். முதலில் ஒன்று. பிறகு இரண்டு. அந்தக் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறார்.

இப்போது 1938. போன மாதம் பத்து வந்தது.

பதினோராவது பாட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் பாடப் போகிறேன். வேண்டாம் என்று குப்பன் கெஞ்சுகிறான், பட்டியல் முடிந்தால் நீயும் முடிந்தாய் என்கிறான். பதினொன்றுக்கு மேல் வராமல் போனது நாயகர் செத்துப்போனதால். நான் சாகவில்லை. இந்தப் பதினொன்றையும் அவர் எழுதிக்கொள்ளட்டும், பெயரைப் போட்டுத்தானே எழுதினார்.

எனக்கு வேண்டியது பன்னிரண்டாவது பாட்டு. அது அந்தப் புத்தகத்தில் இல்லை.