போர்வைக்குள் ஒரு பச்சைப் பாம்பு

பெரிய மகளின் வளைகாப்பன்று வீட்டில் இருந்தது பதினோரு பேர். நான், என் கணவர், ஏழு மாத வயிற்றோடு பெரியவள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, வளையல் போட வந்த எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர், சின்ன மகள். அப்புறம் சின்னவளின் பாம்பு.

நியூகினித் தீவில் மரத்தை விட்டு அதிகம் இறங்காத சாதியாம் அது. வாங்கி வந்தபோது மஞ்சளாக, விரல் தடிமன்தான் இருந்தது. இரண்டு வருஷத்தில் வாழையிலைப் பச்சையாகிவிட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் கிளையில் சுருண்டு, பகல் முழுக்க அசையாது. விஷமில்லை என்று சின்னவள் நூறு முறை சொல்லியிருக்கிறாள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரி பாம்பைப் பார்த்தால் குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டே இருக்கும் என்று கேட்டு வளர்ந்தவள். சம்பந்தியம்மா பார்த்துவிட்டால் என்ன சொல்வாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

"ரெண்டு மணி நேரம் கராஜ்ல வெச்சுக்கறேன்டி."

"நியூ ஜெர்சி டிசம்பர்ம்மா. அது ஐலண்ட் ஸ்நேக், குளிர் தாங்காது. ஹீட் லேம்ப மட்டும் ஆஃப் பண்ணிடாத. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அவள் பூ வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனாள். நானும் கணவரும் தொட்டியைத் தூக்கிப்போய் கராஜில் வைத்து, விளக்கைச் செருகினோம். யார் கண்ணிலும் படக் கூடாதென்று போர்வையால் மூடினேன். மூடியதும் அடுத்த கவலை. விளக்குச் சூட்டில் போர்வை பற்றிக்கொண்டால்? வீடு நிறைய ஆட்கள். போர்வையை எடுத்திருக்கலாம். விளக்கைப் பிடுங்கினேன்.

கராஜில் செருப்பைக் கழற்றிய சம்பந்தியம்மா, "என்னங்க, போர்வைக்குள்ள எங்களுக்குச் சீர் ஏதும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாட்டு, வளையல், ஏழு வகைச் சாதம். கடைசி கார் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சின்னவள்தான் போர்வையை எடுத்தாள். கிளையிலிருந்து கழன்று அது அடியில் கிடந்தது. அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, கார் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெளியே நின்ற என்னைப் பார்த்து, "யூ ப்ராமிஸ்ட், அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அது செத்துப்போயிற்று. அந்த வாரமே அவள் தோழியின் வீட்டுக்குக் குடிபோனாள். போன் எடுக்கவில்லை. பாம்பின் விலையைத் தந்துவிடுகிறேன் என்று மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. பேத்தி பிறந்தாள், நாக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் போலத்தான். பெயர் வைத்த அன்று வந்த சின்னவள் என் பக்கத்தில் நின்று, "சிக்ஸ் ஹண்ட்ரட். மாசம் ஃபிப்டி குடு. போன்ல அனுப்பாத, கையில குடு" என்றாள்.

மாதம் ஒரு ஞாயிறு வருகிறாள். சாப்பிடுகிறாள். கராஜ் பக்கம் போவதில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் தட்டோடு எழுந்துவிடுகிறாள். போன மாதம், மீதியை மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடலாம் என்று கணவர் மூன்று ஐம்பது டாலர் நோட்டுகளை எடுத்து வைத்தார். அவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை உள்ளே வைத்துவிட்டேன். முடிந்த பிறகும் வருவாளா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இன்னும் நூறு டாலர் பாக்கி.