வலிக்காத கால்

சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது இடது கால் மட்டும். பார்த்ததுமே எனக்குச் சுர்ரென்று ஏறியது. திண்டுக்கல்லில் கால் ரத்தக்குழாய் அடைப்பைப் பரிசோதிக்கிற நர்ஸ் நான். கட்டிலில் ஏறினால் இரண்டு காலையும் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வந்தவர் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற அக்கா. சர்க்கரை வேறு. நடந்தால் இடது கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கிறதாம். இடது காலை நீட்டிவிட்டு, வலது காலைச் சேலைக்குள் மடக்கிக்கொண்டார்.

“அதையும் நீட்டுங்கக்கா.”

“அது நல்ல காலு தாயி. கண்ணு பட்டுறக் கூடாதுன்னு கயிறே கட்டியிருக்கேன்.”

வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. நோய்க் காலுக்கு மருந்து, நல்ல காலுக்குக் காவல் என்று பிரித்துவிட்டார்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காலில் பிபி பார்க்கிற பட்டையைச் சுற்ற வேண்டிய இடமே அதுதான்.

“அவுக்க மாட்டேன். செத்த நேரத்துல பஸ்ஸு போயிரும்.”

“பஸ்ஸு போனா அடுத்தது வரும். காலு போனா?”

முறைத்தார். நானும் முறைத்தேன். கடைசியில் தானே கயிற்றை அவிழ்த்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

ரத்த ஓட்டத்தைக் கேட்க, பேனா போன்ற ஒரு கருவி உண்டு. இடது காலில் சத்தம் மெலிந்திருந்தது, எதிர்பார்த்ததுதான். வலது காலில் வைத்தால் வெறும் இரைச்சல். வெகுநேரம் தேடியபின் ஒரு முனகல் கிடைத்தது. விரலிடுக்கை விரித்தேன். கறுத்த புண். அவருக்கே தெரியாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தது. இடது கால் வலித்து வலித்து உட்கார வைத்ததில், வலது வலிக்கிற அளவுக்கு அவர் நடந்ததே இல்லை.

டாக்டர் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை நான், நேரே நுழைந்து கையோடு அழைத்து வந்தேன். அவர் இரண்டு காலையும் பார்த்தார். அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார். அங்கே முதலில் வலது கால் அடைப்பைத் திறந்தார்கள், பிறகுதான் இடது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுத்திருப்பார்களாம்.

மூன்று மாதம் கழித்து அக்கா வந்தார். புண் ஆறியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கேயும் உட்காராமல் நடந்தே வந்தாராம். கருவியை வலது காலில் வைத்தேன். டுப் டுப் என்று அறையே அதிர்ந்தது. நான் ஒலியை இன்னும் கூட்டிவைத்தேன், டாக்டர் அறை வரைக்கும் கேட்கட்டும் என்று.

“என்ன தாயி, இம்புட்டுச் சத்தம்?”

“உங்க காலுதான்க்கா,” என்றேன்.